துலா: தூக்கிப் பார்க்கும் சொல்

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் ஊறிக் கிடக்கும் தண்ணீரைக் கிணறு வெட்டித்தான் எடுக்க வேண்டும். நீரிறைக்கும் எந்திரம் வருவதற்கு முன்னால் அங்கே தோட்டக் கிணறுகளில் அன்றாடம் ஒரு கழைக்கூத்து நடந்தது. கிணற்றருகே நட்ட ஆடுகாலின் மேல் நீண்ட மரம் ஒன்று குறுக்காகக் கிடக்கும். அதன் நுனியிலிருந்து இறங்கும் கொடியில் பட்டை தொங்கும். மரத்தின் மேல் ஆட்கள் ஏறி நின்று முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை தண்ணீருக்குள் இறங்கும். திரும்பி நடந்தால் நிரம்பிய பட்டை மேலே வரும். கீழே நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். அந்த மரத்துக்கு அங்கே பெயர் துலா. தமிழ்நாட்டில் அதையே ஏற்றம் என்றார்கள்.

பஞ்சாங்கத்தைத் திறந்தால் அதே துலா அங்கே ஒரு ராசி. ஐப்பசிக்குத் துலா மாதம் என்று பெயர். குருவாயூரில் குழந்தையைத் தட்டில் உட்கார வைத்து எதிர்த்தட்டில் வாழைப்பழமோ சர்க்கரையோ வைத்தால் அது துலாபாரம். பழைய கணக்கில் நூறு பலம் ஒரு துலாம். கிணறு, வானம், கோயில், கடைத்தெரு என்று நான்கு இடத்தில் திரியும் இந்தச் சொல்லுக்கு உள்ளே இருப்பது ஒரே கருவிதான்: ஒரு புள்ளியில் தாங்கி நிற்கும் கோல். எங்கே தாங்குகிறோம், எவ்வளவு தள்ளி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் கோல் தண்ணீர் இறைக்கும், தங்கம் நிறுக்கும், நியாயமும் சொல்லும்.

மரத்தின் மேல் ஒரு கணக்கு

துலா மிதித்தவர்கள் பள்ளியில் இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய உள்ளங்கால் ஒரு பெருக்கல் கணக்கைப் போட்டுக்கொண்டே இருந்தது. பட்டையும் தண்ணீரும் சேர்ந்து 30 கிலோ, அது ஆடுகாலிலிருந்து 4 மீட்டர் தள்ளித் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 120. மறுபக்கம் நிற்பவர் 60 கிலோ. அவர் ஆடுகாலிலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்றால் அதுவும் 120. மரத்தின் சொந்தக் கனத்தைக் கணக்கில் விட்டுவிட்டால், துலா அந்தரத்தில் அசையாமல் நிற்கும். அவர் இன்னும் ஓரடி பின்னால் வைத்தால் பட்டை எழும்பும். கனம் மாறவில்லை, தூரம் மாறியது, அவ்வளவுதான்.

கனத்தையும் தூரத்தையும் பெருக்கி வருவதை இயற்பியல் திருப்புத்திறன் என்கிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் இந்த விதிக்கு வடிவகணித முறையில் நிறுவல் எழுதினார். ஆனால் விதி அவருக்கு முன்பே வயலில் இருந்தது. எகிப்தின் நைல் கரையில் இன்றும் சில இடங்களில் காணப்படும் ஷதூஃப் நம் துலாவின் உறவுதான். அங்கே ஆள் மரத்தில் ஏறுவதில்லை. அடிநுனியில் களிமண் உருண்டையோ கல்லோ கட்டிவிடுகிறார்கள்.

அந்தக் கல்லுக்கு எவ்வளவு கனம் வைப்பது என்பது சுவையான கேள்வி. மரத்தின் இரு பக்கமும் சம நீளம் என்று கொள்வோம். கல் மிகவும் லேசாக இருந்தால் நிரம்பிய பட்டையை இழுத்துத் தூக்க வேண்டும். மிகவும் கனமாக இருந்தால் வெறும் பட்டையைக் கிணற்றுக்குள் இறக்குவதே பெரும்பாடு. வெறும் பட்டையின் எடையோடு தண்ணீரின் எடையில் பாதியைக் கூட்டிக் கல் வைத்தால், இறக்கவும் ஏற்றவும் ஒரே அளவு பலம் போதும். 20 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ இழுவை. அதிலும் பாதி வேலை கயிற்றைக் கீழ்நோக்கி இழுப்பது. உடம்பின் கனத்தையே அதற்குக் கொடுத்துவிடலாம். மொத்த வேலை குறையவில்லை. கல் அதைக் கடனாக வாங்கி வைத்திருந்து, தேவைப்படும் நேரத்தில் திருப்பித் தருகிறது.

இதே மரத்தைச் சுருக்கிக் கைக்குள் அடக்கினால் வெள்ளிக்கோல். ஊர்ச் சந்தைகளில் புளியும் வெல்லமும் நிறுத்த அந்தக் கோலில் ஒரு தட்டுத்தான் உண்டு. கோலின் மறுமுனை கனத்திருக்கும். தாங்கும் கயிற்றைக் கோலில் வெட்டிய கோடுகளின் மேல் நகர்த்தி, கோல் கிடையாக நிற்கும் கோட்டைப் படித்தால் அதுவே எடை. துலா மிதிப்பவர் நடந்தார். வெள்ளிக்கோலில் கயிறு நடந்தது.

தூக்கு, எடு, நிறு

துலா வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் வேரான ‘துல்’ முதலில் குறித்தது தூக்குவதை. பிறகு நிறுப்பதை, அதற்கும் பிறகு ஒப்பிடுவதை. இந்த வேரின் உறவுகள் ஐரோப்பா வரை பரவியிருக்கின்றன. கிரேக்கத்தில் ‘தாலன்டோன்’ என்றால் தராசு. அது ஓர் எடைக்குப் பெயராகி, அந்த எடை வெள்ளிக்குப் பெயராகி, கடைசியில் ஆங்கிலத்தில் திறமையைக் குறிக்கும் ‘டேலண்ட்’ ஆனது. சகித்துக்கொள்வதைச் சொல்லும் ‘டாலரேட்’ என்ற சொல்லிலும் சுமையைத் தாங்குவது என்ற பொருளில் இதே வேர் ஒளிந்திருக்கிறது.

தமிழ் தன் சொந்த வேர்களில் இதே வழியில் நடந்திருப்பதுதான் வியப்பு. எடு என்ற வினையிலிருந்து எடை. தூக்கு என்றால் உயர்த்து; தூக்கு என்றால் நிறு. செய்யுளின் ஓசையை அளப்பதற்கும் தொல்காப்பியர் தூக்கு என்றே பெயர் வைத்தார். வீட்டில் பெண் கேட்டு வந்தவர்களைப் பற்றிப் பேசினாலும், தேர்தலில் யாருக்குப் போடுவது என்று யோசித்தாலும் சீர்தூக்கித்தான் பார்க்கிறோம்.

எடு, தூக்கு இரண்டும் கையின் வேலை. மனிதனின் முதல் தராசு இரண்டு கைகள்தாம். சந்தையில் இரண்டு பூசணிக்காயை இரு கையில் ஏந்திப் பார்க்கும்போது நாமே கோல், உள்ளங்கைகளே தட்டுகள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் எர்ன்ஸ்ட் வெபர் இந்தக் கைத் தராசு எவ்வளவு நுட்பமானது என்று சோதித்தார். கை உணர்வது இத்தனை கிராம் என்ற எண்ணை அல்ல, விகிதத்தை என்று அவர் கண்டார். தூக்கிப் பார்க்கும்போது, நூற்றில் இரண்டு பங்கு வேறுபாடு இருந்தால் ஏறக்குறைய அடையாளம் தெரிகிறது. 100 கிராமில் 2 கிராம் தெரியும்; 10 கிலோவில் அதே 2 கிராமைக் கூட்டினால் தெரியாது. கையும் ஒப்பிட்டுத்தான் அறிகிறது.

மூன்றாவது சொல் நிறு. இது நில் என்பதன் பிறவினை; நிற்கச் செய் என்று பொருள். எடைபோடுவதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இருக்க முடியாது. தூக்குகிறோம், ஆடுகிறது, நிற்கச் செய்கிறோம். நின்ற இடத்தில் எடை கிடைக்கிறது. இன்று நம் நாவில் அதிகம் புழங்கும் தராசு என்ற சொல் மட்டும் பாரசீகத்தின் ‘தராஸூ’விலிருந்து வணிகத்தோடு வந்து சேர்ந்தது.

நிற்கும் கோல் ஏன் நிற்கிறது?

ஓர் அடிக்கோலை நடுவில் விரல் நுனியில் நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்தால் அது திரும்புவதில்லை, விழுந்துவிடுகிறது. தராசுக் கோல் மட்டும் சாய்ந்தாலும் ஆடி ஆடிப் பழைய இடத்துக்கு வருகிறது. காரணம், கோலின் ஈர்ப்பு மையம் தாங்குபுள்ளிக்குக் கீழே இருக்கும்படி தராசைச் செய்கிறார்கள். சாயும்போது அந்த மையம் ஊஞ்சல்போல் ஒதுங்கி மேலேறுகிறது, கனம் அதைக் கீழே இழுக்கிறது, கோல் நிமிர்கிறது. மையம் புள்ளிக்கு மேலே போனால் கோல் கவிழும். சரியாகப் புள்ளியிலேயே இருந்தால், எங்கே விட்டாலும் அங்கேயே கிடக்கும், எதையும் சொல்லாது.

தராசு செய்பவரின் திறமை முழுவதும் இந்தச் சிறு இடைவெளியில் இருக்கிறது. மையத்தைப் புள்ளிக்கு வெகுவாகக் கீழே வைத்தால் கோல் சீக்கிரம் நிற்கும், ஆனால் மந்தமாக இருக்கும். பழைய இரும்புக் கடைத் தராசு அப்படி. மயிரிழை அளவுக்கு நெருக்கி வைத்தால் ஒரு நெல்மணிக்கும் கோல் அசையும், ஆனால் நிற்பதற்கு நேரம் எடுக்கும். பொற்கொல்லரின் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது இதனால்தான். மூச்சுக் காற்றுக்குக்கூட அது பதில் சொல்லும். கோலின் நடுவில் நிமிர்ந்து நிற்கும் முள்ளுக்குப் பழைய தமிழில் துலைநா என்று பெயர். நல்ல தராசின் நா நடுங்கிக்கொண்டுதான் பேசும். நடுங்காமல் சட்டென்று நிற்கும் தராசைக் கண்டால் சற்றுச் சந்தேகப்படலாம்.

திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரம் சான்றோருக்கு உவமையாகத் தராசுக் கோலைத்தான் காட்டுகிறது. நடுநிலை என்பதை எதற்கும் அசையாத நிலை என்று நாம் பலநேரம் எண்ணிக்கொள்கிறோம். கோலைச் செய்தவரிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்: அசையாதது பழுதான தராசு. எல்லாச் சுமைக்கும் அசைந்து, சுமை சமமானதும் நடுவுக்குத் திரும்புவதே நல்ல கோல்.

துல்லியம் எங்கிருந்து வந்தது?

‘துல்ய’ என்றால் வடமொழியில் சமமான, ஒத்த எடையுள்ள என்று பொருள். துலாவில் ஏற்றினால் எதிர்த்தட்டுக்கு நிகராக நிற்பது துல்யம். தமிழுக்கு வந்த துல்லியம், சிறிதும் பிசகாமை என்ற பொருளைப் பெற்றுவிட்டது. அதுல், அதுல்யா என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறார்களே, அது எதிர்த்தட்டில் வைக்க ஆள் இல்லாதவர் என்பது, நிகரற்றவர்.

ஆனால் சமம் என்று தராசு சொல்வது எப்போது உண்மை? கோலின் இரு கைகளும் ஒரே நீளமாக இருந்தால் மட்டும். ஒரு தராசின் இடக்கை 20 சென்டிமீட்டர், வலக்கை 21 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெறும் தட்டுகளைச் சரிக்கட்டிவிட்டால் கோல் கிடையாகவே நிற்கும். பார்வைக்குக் குறை தெரியாது. இடத்தட்டில் ஒரு கிலோ கல்லை வைத்து வலத்தட்டில் சர்க்கரை போட்டால், 952 கிராமிலேயே முள் நடுவுக்கு வந்துவிடும். வாங்குபவருக்கு 48 கிராம் நட்டம்.

கடைக்காரர் நேர்மையானவர், தராசு சரியில்லை என்று அவருக்கும் தெரிகிறது. “இரண்டு கிலோதானே? ஒரு கிலோவை இந்தப் பக்கம் நிறுக்கிறேன், இன்னொரு கிலோவைப் பக்கம் மாற்றி நிறுக்கிறேன். குறைந்ததும் கூடியதும் சரியாகப் போய்விடும்” என்கிறார். கேட்பதற்கு நியாயம்தான். பக்கம் மாற்றினால் சர்க்கரை 1,050 கிராம் விழும். கூட்டிப் பார்த்தால் 2,002 கிராமுக்குச் சற்று மேல். இப்போது கடைக்காரருக்கு நட்டம்! கைகள் எவ்வளவு ஏறுமாறாக இருந்தாலும் இந்த முறையில் எப்போதும் தோற்பவர் கடைக்காரரே. காரணம், இந்தப் பிழை கூட்டலில் வரவில்லை, பெருக்கலில் வந்தது. கூட்டிப் பாதியாக்கினால் அது சரியாகாது. 952.38ஐ 1,050ஆல் பெருக்கி அதன் வர்க்கமூலத்தை எடுத்தால் அச்சாக 1,000 வரும்.

பக்கம் மாற்றி இருமுறை நிறுத்து, பெருக்கி வர்க்கமூலம் காணும் வழிக்குக் கணித மேதை கௌஸின் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு அறிஞர் போர்டாவின் வழி இன்னும் எளிது. பொருளைத் தட்டில் வைத்து எதிர்த்தட்டில் மணலையோ ஈயக் குண்டுகளையோ கொட்டிச் சமன் செய்யுங்கள். பிறகு பொருளை எடுத்துவிட்டு, அது இருந்த அதே தட்டில் எடைக்கற்களை வைத்துச் சமன் செய்யுங்கள். பொருளும் கல்லும் ஒரே கையில் ஒரே தூரத்தில் இருந்து ஒரே மணலைத் தாங்கியவை. ஆகவே இரண்டும் சமம். தராசு கோணலாக இருந்தாலும் விடை நேர். கருவி குறையுள்ளது என்று ஒப்புக்கொண்ட பிறகே துல்லியம் தொடங்குகிறது.

கல்லுக்குக் கல் எது?

எதிர்த்தட்டில் வைக்கும் கல் எது என்பது அடுத்த கேள்வி. சிந்துவெளி நகரங்களில் கனசதுரமாகச் செதுக்கி மெருகேற்றிய கல் எடைகள் கிடைத்திருக்கின்றன. 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துப் போகும் வரிசை. அவற்றில் அதிகம் கிடைப்பது 16ஆம் மடங்கு, ஏறக்குறைய 13.7 கிராம். இரட்டிக்கும் வரிசையின் அருமை என்னவென்றால், ஒவ்வோர் எடையிலும் ஒரே ஒரு கல் இருந்தால் போதும். இந்த ஏழு கற்களை வைத்து 1 முதல் 127 வரை எந்த மடங்கையும் நிறுத்துவிடலாம். கணினி இன்று எண்களை அடுக்குவதும் இதே வரிசையில்தான்.

கல் கிடைக்காத இடத்தில் விதை. குன்றிமணி ஏறக்குறைய 0.12 கிராம். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. மேற்கே வைரத்துக்கு வழங்கும் காரட் என்ற அளவும் காரப் என்னும் மரத்தின் விதையிலிருந்து வந்ததே. விதைக்கு விதை எடை மாறும் என்பது அந்தக் காலத்து ஆட்சியாளர்களுக்கும் தெரியும். எடைக்கற்களை இரும்பிலோ, நனைந்தாலும் காய்ந்தாலும் மாறாத கல்லிலோ செய்ய வேண்டும் என்று கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசன் கொடுத்த பொன் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுக்கப்பட்டதாக இருக்கிறது. நகைகளுக்கு ‘தட்சிணமேரு விடங்கன்’ என்று வேறு கல். எடைக்கல்லுக்குத் தெய்வத்தின் பெயர். அதில் கைவைக்க யாருக்குத் துணிவு வரும்?

அரசன் தானே தட்டில் ஏறி எடைக்கு எடை பொன் கொடுப்பதும் ஒரு சடங்கு. ஹம்பியில் விட்டலர் கோயிலுக்கு அருகே கல்தூண் இரண்டும் மேலே ஒரு விட்டமுமாக நிற்கும் துலாபார வாயிலை இன்றும் பார்க்கலாம். தராசைத் தொங்கவிட விட்டத்தில் வளையங்கள் உண்டு. புறாவுக்கு ஈடாகத் தன் தசையை அரிந்து வைத்தும் தட்டு சமனாகாமல், கடைசியில் தானே தட்டில் ஏறிய சிபியின் கதையும் துலாவின் கதைதான். சோழர் தங்களை அந்தச் சிபியின் வழி என்று சொல்லிக்கொண்டார்கள்.

காதுக்குள் எடைக்கல்

ஆடவல்லான் ஒற்றைக் காலில் நிற்பவர். நாமும் ஒரு காலைத் தூக்கி நின்று பார்க்கலாம். கணுக்கால் ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை. இப்படியும் அப்படியும் நடுங்கிக்கொண்டே உடம்பின் ஈர்ப்பு மையத்தைப் பாதத்துக்கு நேர்மேலே வைத்திருக்கிறது. அதற்குச் செய்தி தருபவர்களில் முக்கியமானவர் உட்செவி.

உட்செவியின் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை சுழல்வதை உணர்கின்றன. அருகில் இரண்டு சிறு பைகள்; அவற்றில் கூழ் போன்ற படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய கற்கள் பதிந்திருக்கின்றன. தலை சாய்ந்தால் கற்களின் கனம் படலத்தை இழுக்கிறது, அடியில் உள்ள மயிர்ச்செல்கள் வளைகின்றன, எந்தப் பக்கம் கீழ் என்று மூளைக்குத் தெரிகிறது. நம் ஒவ்வொருவர் காதிலும் ஆயுள் முழுவதும் எடைக்கற்கள் இருக்கின்றன என்று சொன்னால் மிகையல்ல. அந்தக் கற்களில் சில இடம் பெயர்ந்து அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிட்டால், படுக்கையில் புரண்டதும் அறையே சுற்றுகிறது. வயதானவர்களுக்கு வரும் தலைச்சுற்றலில் இது ஒரு பொதுவான வகை. மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் திருப்பி, கல்லைப் பழைய பைக்கு உருட்டிவிட்டே பலரைக் குணப்படுத்துகிறார்.

வானத்துத் தராசு

துலா ராசிக்கு வானத்தில் தராசு வந்தது எப்படி? பழைய பாபிலோனியர் அங்கே தராசைக் கண்டார்கள். கிரேக்கர்களோ பக்கத்தில் இருக்கும் தேளின் கொடுக்குகளாக அதைக் கண்டார்கள். அந்த ராசியின் ஒளிமிக்க இரண்டு விண்மீன்களின் அரபுப் பெயர்களுக்கு இன்றும் தென்கொடுக்கு, வடகொடுக்கு என்றே பொருள். ரோமானியர் காலத்தில் தராசு வென்றது. சூரியன் அந்தப் பகுதிக்குள் நுழையும்போது இரவும் பகலும் சமமாக இருந்தது அந்தப் பெயருக்குப் பொருத்தமாகவும் அமைந்தது. லத்தீனில் அந்தத் தராசு ‘லிப்ரா’. அதுவே ஓர் எடையின் பெயரும். இங்கிலாந்தின் பவுண்டு நாணயக் குறியில் ‘எல்’ எழுத்து இருப்பதும், எடைப் பவுண்டை ‘எல்பி’ என்று எழுதுவதும் இந்த லிப்ராவால்.

இன்று சம இரவுபகல் நாள் செப்டம்பர் 22 அல்லது 23. துலா மாதமோ அக்டோபர் நடுவில் பிறக்கிறது. பூமியின் அச்சு பம்பரம்போல் மெதுவாகத் தலையாட்டுவதால், விண்மீன்களின் பின்னணியில் சம நாள் ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகர்கிறது. இதுவரை சுமார் 24 பாகை விலகிவிட்டது. ஐப்பசியில் மயிலாடுதுறைத் துலாக் கட்டத்தில் காவிரியில் முழுகும்போது, பகல் இரவைவிடக் குறையத் தொடங்கியிருக்கும். வானத்துத் தராசும் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

நிறையா, எடையா?

ஐந்தாவது மாடியில் இருக்கும் நகைக்கடையின் தராசுக்கும் நிலவில் வைக்கும் தராசுக்கும் என்ன வேறுபாடு? இரண்டு தட்டுத் தராசாக இருந்தால் ஒன்றுமில்லை. நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒன்றாகக் குறையும். ஆனால் பொருளுக்கும் கல்லுக்கும் ஒன்றுபோலக் குறையும். கோல் அதே இடத்தில்தான் நிற்கும். வில்தராசும் இன்றைய மின்னணுத் தராசும் அப்படியல்ல. எதிர்த்தட்டு இல்லாமல், பொருள் எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பதை மட்டும் அவை பார்க்கின்றன. மின்னணுத் தராசின் தட்டுக்கு அடியில் ஓர் உலோகத் துண்டு நுண்ணளவு வளைகிறது. அதில் ஒட்டிய மெல்லிய கம்பிகள் நீள்வதால் அவற்றின் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றமே திரையில் எண்ணாகிறது.

பூமியிலேயே ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறும். துருவத்தில் கூடுதல், நடுக்கோட்டில் குறைவு. வேறுபாடு நூற்றில் அரைப் பங்கு. சென்னையில் சரிபார்த்த மின்னணுத் தராசை அப்படியே லண்டனுக்குக் கொண்டுபோனால், ஒரு கிலோவை ஏறக்குறைய 1,003 கிராம் என்று காட்டும். பத்துப் பவுன் நகை கால் கிராம் கூடியதுபோல் தெரியும். அதனால்தான் நல்ல தராசுகளைப் பயன்படுத்தும் ஊரிலேயே, தெரிந்த எடைக்கல்லை வைத்துச் சரிபார்க்கிறார்கள். எதிர்த்தட்டை ஒழித்துவிட்டோம் என்று நினைத்தோம். அது சரிபார்க்கும் கல்லாகத் திரும்பி வந்து நிற்கிறது.

பொருளில் அடங்கிய பொருண்மையையும், பூமி அதை இழுக்கும் விசையையும் பிரித்துச் சொல்லத் தமிழ்ப் பாடநூல்கள் பட்ட பாடு தனிக்கதை. தமிழ்நாட்டில் முன்னது நிறை, பின்னது எடை. இலங்கைப் பாடநூலில் முன்னது திணிவு, பின்னது நிறை. கடல் தாண்டினால் நிறை தட்டு மாறிவிடுகிறது! இரு கரை மாணவர்களும் ஒரே கேள்விக்கு விடை எழுதினால் திருத்துபவர் பாடு திண்டாட்டம்தான்.

கடைசிக் கல்

ஒரு கிலோ என்றால் என்ன? 1889 முதல் 130 ஆண்டுகளாக அதற்கு விடை ஒரு பொருள்: பாரிஸ் அருகே, கண்ணாடிக் கூடுகளுக்குள் பூட்டி வைத்த பிளாட்டினம்-இரிடியம் உருளை. உலகத்துக்கே ஓர் ஆடவல்லான் கல். நாடுகளுக்கு அதன் நகல்களைக் கொடுத்தார்கள். 57ஆம் எண் நகல் இந்தியாவுக்கு வந்து டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது.

நகல்களை எப்போதாவது பாரிசுக்குக் கொண்டுபோய் மூலத்தோடு நிறுத்துப் பார்ப்பார்கள். நூறாண்டுக் காலத்தில் மூலத்துக்கும் நகல்களுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வேறுபாடு தென்பட்டது; ஒரு கிராமை 20,000 ஆகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு. சிறியதுதான். ஆனால் சிக்கல் பெரியது. மூலம் குறைந்ததா, நகல்கள் கூடினவா? தராசிடம் கேட்டுப் பயனில்லை. அது இரண்டும் வேறு என்று மட்டுமே சொல்லும். விதிப்படி மூலத்தின் நிறை எப்போதும் ஒரு கிலோதான். அது தேய்ந்தால் உலகம் முழுவதும் கனத்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கும். எதிர்த்தட்டில் வைக்க வேறொன்று இல்லாதபோது எடை என்ற சொல்லுக்கே பொருள் இல்லை என்பதை அந்த உருளை காட்டியது.

வழி பிறந்ததும் ஒரு துலாவிலிருந்துதான். 1975இல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிரையன் கிப்பிள் ஒரு புதுத் தராசை முன்வைத்தார். ஒரு பக்கம் எடைக்கல். அதற்கு ஈடாக, காந்தப்புலத்தில் தொங்கும் கம்பிச்சுருள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அதன்மேல் ஒரு விசை பிறக்கும். கல்லின் கனத்துக்கு அது நிகராகும் வரை மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். பிறகு கல்லை எடுத்துவிட்டு, அதே சுருளைத் தெரிந்த வேகத்தில் நகர்த்தி, அதில் எழும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் காந்தத்தின் வலிமையும் சுருளின் நீளமும் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன. கோணல் கையைக் கணக்கிலிருந்து விலக்க போர்டா ஒரே தட்டில் இருமுறை நிறுத்தாரே, அதே உத்தி. எஞ்சுவது வேகம், அந்த இடத்தின் ஈர்ப்பு, மின்சாரம், மின்னழுத்தம். கடைசி இரண்டையும் குவாண்டம் விளைவுகளால் பிளாங்க் மாறிலியோடு கட்டிவிடலாம். அந்த மாறிலி எங்கும் எப்போதும் ஒன்று. தேயாது, அழுக்கேறாது, பூட்டி வைக்கவும் வேண்டாம்.

2019 மே 20 முதல் கிலோவின் வரையறை அந்த மாறிலியின் மேல் நிற்கிறது. பாரிஸ் உருளை இப்போது ஓர் உலோகத் துண்டு. மற்றவற்றைப்போல அதையும் நிறுத்துத்தான் அதன் எடையை அறிய வேண்டும். குன்றிமணி, கழஞ்சு, பலம், பவுண்டு என்று எதிர்த்தட்டில் ஏறி இறங்கிய கற்களின் வரிசையில் கடைசிக் கல்லும் இறங்கிவிட்டது. கோல் மட்டும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் துலா மரத்தில் ஆள் நடந்து ஈடு கொடுத்த இடத்தில், இன்று மின்சாரம் கூடியும் குறைந்தும் நடந்துகொண்டிருக்கிறது.